ரேடியோ நெல்லும் ஸ்பார்க் பிளக்கும்

1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குறுவைக்கென்று ஒரு குறுகிய கால ரகத்தை வெளியிட்டது. ஏட்டில் அதன் பெயர் ஆடுதுறை 27. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் வாயில் அது ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் அந்த விதையின் பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோனதால் ஒட்டிக்கொண்ட பெயர். நாற்று எத்தனை நாளில் பறிப்பது, உரத்தை எத்தனை தவணையாக வைப்பது என்பதையெல்லாம் ரேடியோவில் கேட்டுவிட்டு வயலில் இறங்கிய காலம் அது.

வண்டிகளின் மின்காந்த இணக்கம் பற்றிய அத்தியாயத்தில் நெல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இன்று ஒரு காரோ பஸ்ஸோ விற்பனைக்கு வருவதற்கு முன் கடக்கவேண்டிய மின்காந்தச் சோதனைகளின் வேர், வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்பவரின் காதில் இருக்கிறது. தெருவில் போகிற வண்டி அவர் கேட்பதைக் கெடுக்கக் கூடாது. முதல் விதிகள் எழுதப்பட்டது இந்த ஒரு கவலையால்தான். வண்டிக்கே காது முளைத்ததும் அதனால் வந்த வம்புகளும் பிற்பாடு நடந்தவை.

திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் அதன் இடம் மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 320 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை பகலில் தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். போகிற வழியில் மண் அதன் வலுவைத் தின்னும். காய்ந்த பாறை நிலம் நிறையத் தின்னும், ஈரமான வண்டல் குறைவாகத் தின்னும். ஈரமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதுதான் காரணம். திருச்சிக்குக் கிழக்கே கடல்வரை மலை கிடையாது, குன்று கிடையாது. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடை வந்துவிட்டால் நிலம் முழுக்க நனைந்து கிடக்கும். மத்திய அலை ஒலிபரப்புக்கு இதைவிட வாகான நிலத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

இந்த ஒலியைக் கெடுக்கக்கூடிய பொருள் பெட்ரோல் எஞ்சினில் இருந்தது. ஸ்பார்க் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அதன் குறுக்கே பத்து, இருபதாயிரம் வோல்ட் ஏறுகிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை தாங்காமல் உடைந்து பொறி பாய்கிறது. ஏறியிருந்த வோல்டேஜ் நானோவினாடிகளில் சரிகிறது. ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1887இல் மின்காந்த அலைகளை முதன்முதலாக உண்டாக்கியது இப்படியொரு பொறி இடைவெளியில்தான். ஜெகதீஷ் சந்திர போஸ் 1895இல் கல்கத்தாவில் சுவருக்கு அப்பால் இருந்த மணியை அடிக்கவைத்ததும் பொறியிலிருந்து கிளம்பிய அலையால்தான். கப்பல்களில் தந்தி அனுப்பிய முதல் தலைமுறைக் கருவிகளும் பொறிக் கருவிகளே. அவை கண்ட அலைவரிசையிலெல்லாம் சிதறிப் பரவின. அதனால் 1920களிலிருந்து உலக நாடுகள் அவற்றைப் படிப்படியாக ஒழித்துக்கட்டின. சட்டம் கப்பலிலிருந்து இறக்கிய கருவி ஒவ்வொரு பெட்ரோல் வண்டியிலும் உட்கார்ந்து வினாடிக்குப் பல முறை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

பிளக்குக்குப் போகும் தடித்த ஹை டென்ஷன் ஒயரும் இதில் பங்காளி. அரை மீட்டர் நீள ஒயர் 150 மெகாஹெர்ட்ஸ் அருகே கால் அலை ஆன்டெனாவாகிவிடும். டிவி அலைவரிசைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. 1980களில் காவிரி டெல்டாவின் கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க ஓட்டு வீட்டின் மேல் தென்னை உயரக் குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தவர்கள் உண்டு. கடல் தாண்டி வருகிற நலிந்த சிக்னல். தெருவில் ஒரு மொபெட் போனால் போதும், திரையின் குறுக்கே புள்ளிப் புள்ளியாகக் கோடு ஓடும். வண்டி முனை திரும்பியதும் படம் தெளியும்.

டெல்டாவுக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது. டிராக்டர், பஸ், லாரி, பெரும்பாலான எண்ணெய் எஞ்சின் பம்புகள் எல்லாம் டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை அழுத்திச் சூடாக்கி எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. வயலில் நாள் முழுக்க டபடபவென்று காதைத் துளைத்த எஞ்சின், ரேடியோவைப் பொறுத்தவரை ஊமை. இந்தியாவில் 1999இல் வந்த ஏஐஎஸ்-004 தரநிலையின் முதல் பகுதியும் பொறி எஞ்சின் வண்டிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. டீசலை அது கண்டுகொள்ளவில்லை. அன்றைய நிலைமைக்கு அது சரிதான்.

பொறித்தொல்லைக்கு மருந்து மலிவானது. பிளக்குக்குள்ளோ அதன் தொப்பியிலோ ஐயாயிரம் ஓம் அளவுக்கு ஒரு மின்தடையை வைத்துவிட்டால், ஒயரில் மேலும் கீழும் அலைபாயும் மின்னோட்டம் அதில் பட்டு அடங்கிவிடும். கலவை பற்றிக்கொள்ளத் தேவையான பொறி மட்டும் மிஞ்சும். உங்கள் வண்டியின் பிளக்கைக் கழற்றி அதன் உடம்பில் பொறித்த எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகள் எழுத்துகளுக்கு நடுவே ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருக்கும். உள்ளே தடை இருக்கிறது என்று அர்த்தம். ஆர் இல்லாத பிளக்கை மாட்டினாலும் வண்டி ஓடும், பிக்கப்பும் குறையாது. ஓட்டுபவருக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத் தெரியும். இப்படி ஒருவர் செய்வதன் பலன் இன்னொருவர் தலையில் விடிகிற இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அந்தச் சட்டத்துக்கான அளவுகோலை வகுக்க 1934இல் பாரிசில் சிஸ்பிஆர் என்ற சர்வதேசக் குழு கூடியது. ரேடியோத் தொல்லையை நாடுகள் எல்லாம் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்பது அதன் வேலை. பிரிட்டன் 1952இல் வண்டிகளின் பொறித்தொல்லைக்குச் சட்டம் போட்டது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிட்ட 10ஆம் எண் விதி 1969 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் பல நாடுகளில் புழங்குவது அந்த விதிதான்.

சிஸ்பிஆர் எதை அளப்பது என்று முடிவு செய்த விதம் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த சங்கதி. பொறியின் உச்ச வலிமையை அளக்கலாம், சராசரியையும் அளக்கலாம். இரண்டுமே கேட்பவரின் எரிச்சலைச் சொல்லாது. எப்போதாவது ஒரு ‘டக்’ என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதே ‘டக்’ வினாடிக்கு ஐம்பது முறை விழுந்தால் ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவோம். ஆகவே சட்டென்று நிரம்பி மெதுவாக வடிகிற ஒரு மின்சுற்றைச் செய்தார்கள். வண்டிகளுக்கான அலைவரிசையில் அது நிரம்ப ஒரு மில்லிவினாடி, வடிய 550 மில்லிவினாடி. அடுத்தடுத்து வரும் பொறிகள் அதை மேலே தூக்கும். தனியாக வரும் பொறி அவ்வளவாகத் தூக்காது. மனிதக் காதின் சகிப்புத்தன்மையை முள்ளில் காட்டும் மீட்டர் இது. கேட்பது காதா கணினியா என்ற கேள்வி எழுந்த பிறகும் வண்டிச் சோதனையில் இதே மீட்டர் உட்கார்ந்திருக்கிறது.

சோதனையில் வண்டியிலிருந்து 10 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா. பல சிலிண்டர் எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்ட வேண்டும், ஒற்றைச் சிலிண்டரை 2500இல். கணக்குப் போட்டால் நான்கு சிலிண்டர் கார் வினாடிக்கு 50 பொறி, இரண்டு ஸ்ட்ரோக் மொபெட் சுமார் 42 பொறி. இரண்டும் காதுக்கு ஏறத்தாழ ஒரே அளவு தொல்லை. 30 முதல் 75 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கப்படும் புலம் மீட்டருக்கு 40 மைக்ரோவோல்ட். அதற்கு மேல் படிப்படியாகக் கூடி 400 மெகாஹெர்ட்ஸில் 140 மைக்ரோவோல்ட் ஆகிறது.

இந்த எல்லை 30 மெகாஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மத்திய அலை அதற்கு வெகு கீழே. பொறி எஞ்சின் காலத்தில் இது பெரிய ஓட்டையாகத் தெரியவில்லை. ஒயர்கள் குட்டையானவை, நீள அலையை வீசும் திறன் அவற்றுக்குக் கம்மி. மின்சார வண்டி வந்ததும் ஓட்டை பல்லைக் காட்டியது. அதன் கன்ட்ரோலர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வினாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் கூர்மையானது. அதன் மடங்குகள் மத்திய அலைப் பட்டையில் போய் விழுகின்றன. இதைச் சரிசெய்யக் கவசமும் வடிகட்டியும் வேண்டும், செலவாகும். அமெரிக்காவில் சில கார்க் கம்பெனிகள் சுலபமான வழியைப் பிடித்தன: மின்சாரக் காரிலிருந்து மத்திய அலை ரேடியோவையே எடுத்துவிட்டன. ஒவ்வொரு காரிலும் அது இருக்க வேண்டும் என்று 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரும் அளவுக்குப் போனது சண்டை. காருக்கு வெளியே இருக்கும் ரேடியோவைக் காக்க சிஸ்பிஆர் 36 என்ற தரநிலை 2020இல் வந்தது. மின்சார வண்டியிலிருந்து 3 மீட்டர் தள்ளி வளைய ஆன்டெனா வைத்து 150 கிலோஹெர்ட்ஸிலிருந்தே அளக்கச் சொல்கிறது அது. தாமதம்தான்.

இதுவரை பார்த்தது விதியின் ஒரு பாதி. மறு பாதி, வண்டியே மின்காந்த அலைக்கு ஆளாகும் கதை. 1970களின் அம்பாசிடரில் அலையால் குழம்பக்கூடிய பாகம் அதன் ரேடியோ ஒன்றுதான். இன்றைய வண்டியில் எஞ்சினை ஆள்வது ஈசியூ என்ற கணினி. பிரேக்கில் ஏபிஎஸ், ஸ்டியரிங்கில் மோட்டார், சக்கரத்துக்குச் சக்கரம் சென்சார். சென்சாரிலிருந்து வரும் சிக்னல் சில வோல்ட், சில சமயம் மில்லிவோல்ட். அதைச் சுமக்கும் ஒயர் மீட்டர் கணக்கில் நீளம். அந்த ஒயருக்கு, தான் ஆன்டெனா இல்லை என்று யாரும் சொல்லித்தரவில்லை. 2009இல் வெளியான ஏஐஎஸ்-004 மூன்றாம் பகுதி தொல்லை கொடுப்பதோடு தொல்லை தாங்குவதையும் சேர்த்துக்கொண்டது. 10ஆம் எண் விதியின் அடியொற்றி எழுதப்பட்டது அது. டீசலுக்கு இருந்த சலுகை அதோடு போயிற்று.

இந்தச் சோதனைகள் நடக்கும் இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே ஓரகடத்தில் இருக்கிறது: உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம். சோதனை அறை முழுக்க இரும்புக் கவசம். உள்பக்கம் கரி கலந்த பஞ்சுக் கூம்புகள் சுவரெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே படும் அலையை அவை விழுங்கிவிடும், எதிரொலி இல்லை. வண்டி உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஹெட்லைட் எரியும், வைப்பர் முழு வேகத்தில் ஆடும், இண்டிகேட்டர் கண் சிமிட்டும். உள்ளே ஆள் கிடையாது, கேமரா மட்டும். ஆன்டெனா 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2000 மெகாஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறிக்கொண்டே வண்டியின் மேல் அலையைப் பாய்ச்சும். அந்த நெடுக்கில் 90 சதவீதத்தில் மீட்டருக்கு 30 வோல்ட், எங்கேயும் 25க்குக் குறையக் கூடாது. வேகம் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ தோல்வி. ஹாரன் தானாக அடித்தால் தோல்வி. பஸ்ஸின் தானியங்கிக் கதவு திறந்துகொண்டால் தோல்வி. ஏர்பேக் வெடித்தால் சொல்லவே வேண்டாம்.

30 வோல்ட் எவ்வளவு பெரியது? 100 கிலோவாட் மத்திய அலைக் கோபுரத்திலிருந்து ஒரு கிலோமீட்டரில் புலம் மீட்டருக்குச் சுமார் 3 வோல்ட். நூறு மீட்டர் வரை நெருங்கினால்தான் தோராயமாக 30 ஆகும். வண்டி வெளியே விடக்கூடிய 40 மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிட்டால் ஏழரை லட்சம் மடங்கு. சோதனை ஏன் 20 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு மீட்டர் கார் அரை அலை ஆன்டெனாவாவது 37 மெகாஹெர்ட்ஸ் அருகில். 320 மீட்டர் அலைக்கு அது ஒரு துரும்பு.

800 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அலையைத் தொடர்ந்து பாய்ச்சாமல் விட்டு விட்டு அடிக்கிறார்கள். 577 மைக்ரோவினாடி பாய்ச்சல், 4600 மைக்ரோவினாடிக்கு ஒரு முறை. இது எங்கிருந்து வந்த எண் என்று பழைய ஜிஎஸ்எம் போன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், கணக்காகத் தெரியாவிட்டாலும் காதால் தெரியும். அழைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் கார் ஸ்பீக்கரில் ‘டிட்டி டிட்டி டிட்டி’ என்று ஒரு சத்தம் வருமே, அதுதான். போன் தன் முறை வந்தபோது 577 மைக்ரோவினாடி பேசி, மற்ற ஏழு போன்களுக்கு வழிவிட்டு மறுபடி பேசும். வினாடிக்கு 217 முறை. ஸ்பீக்கரில் அது வெறும் சத்தம். பிரேக் கம்ப்யூட்டரில் அதே துடிப்பு சக்கரத்தின் சுழற்சி என்று தவறாக எண்ணப்பட்டால் கதை வேறு. டொயோட்டா கார்கள் தானாகச் சீறுகின்றன என்று அமெரிக்காவில் புகார் கிளம்பியபோது நாசா பொறியாளர்களே கார்களின் மேல் அலையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது 2011 அறிக்கை.

சோதனைச்சாலையில் தேறுவது புது வண்டி. அதன் பிறகு அது சேற்றில் இறங்குகிறது. டெல்டாவில் அந்தக் கட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 புகை விதி அமலானது. அதை எட்ட காமன் ரெயில் எஞ்சினும் ஈசியூவும் வேண்டியதாயிற்று. அறுவடை இயந்திரங்களும் அதே விதிவரிசையில் வருகின்றன. 50 குதிரைசக்திக்குக் குறைந்த டிராக்டர்கள் பலவற்றில் பழைய மெக்கானிக்கல் பம்பே தொடர்கிறது. ஆக ஒரே பட்டறையில், அலைக்கு அசையாத வண்டியும் அலைக்குக் கூசும் வண்டியும் அடுத்தடுத்து நிற்கின்றன. பழக்கம் மட்டும் பழையது.

ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஆல்டர்னேட்டரை நம் ஊரில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வோம். டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார் எலக்ட்ரீஷியன். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு. பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த மின்னோட்டத்துக்கு அந்தக் கணத்தில் போக்கிடம் இல்லை. மதகைப் படாரென்று இறக்கினால் வாய்க்கால் தண்ணீர் கரையேறுகிற மாதிரி வோல்டேஜ் எகிறும். 12 வோல்ட் வண்டியில் இது 79 முதல் 101 வோல்ட் வரை போகலாம், 400 மில்லிவினாடி வரை நீடிக்கலாம் என்று வைத்துத்தான் ஐஎஸ்ஓ தரநிலை சோதனை வகுத்திருக்கிறது. நவீன ஆல்டர்னேட்டர்களில் அதை அமுக்கும் டயோடு இருக்கும். வெளிமார்க்கெட்டில் மாற்றிய ஆல்டர்னேட்டரில் அது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழைய டிராக்டரில் இந்தச் சோதனையால் அதிகபட்சம் ஒரு பல்பு போகும். ஈசியூ போனால் ஆயிரக்கணக்கில்.

சம்பா அறுவடையில் சேலம், ஆத்தூர் பக்கமிருந்தெல்லாம் வந்து இரவு பகலாக ஓடும் இயந்திரங்களுக்கு இன்னொரு ஆபத்து வெல்டிங். நடு வயலில் ஏதாவது பிளேட் விண்டுபோகும். ஜெனரேட்டரைக் கொண்டுவந்து அங்கேயே பற்றவைப்பார்கள். வெல்டிங்கின் எர்த் கிளிப்பைக் கைக்கு எட்டிய இரும்பில் மாட்டினால், நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் இயந்திரத்தின் உடம்பு வழியே தனக்கு வாகான பாதையில் திரும்பும். அந்தப் பாதையில் ஈசியூவின் எர்த்தும் இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, பேட்டரியையும் ஈசியூ கனெக்டரையும் கழற்றி, பற்றவைக்கிற இடத்துக்கு ஒட்டியே கிளிப்பை மாட்ட வேண்டும்.

எர்த் விஷயத்தில் மல்டிமீட்டரும் ஆளை ஏமாற்றும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பட்டையாகப் பின்னிய செம்புப் பட்டி ஒன்று இருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்புச் சேற்றில் ஓடினால் அது பச்சை பூத்து, நார் நாராய் உதிர்ந்து விழும். அதற்குப் பதில் ஒரு மீட்டர் நீள உருண்டை ஒயரைப் போட்டுவிட்டு மீட்டர் வைத்தால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கு. ஒரு மீட்டர் ஒயரின் தூண்டல் சுமார் ஒரு மைக்ரோஹென்றி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 600 ஓமுக்கு மேல். ஸ்டார்ட்டருக்கு அது நல்ல எர்த், அலைக்கு அது எர்த்தே இல்லை. பட்டியை அகலமாகவும் குட்டையாகவும் வைத்தது பார்வைக்காக அல்ல.

ஆர்டிஓ அலுவலகத்தில் எஃப்.சி. எடுக்கும்போது பிரேக், லைட், ஹாரன், புகை எல்லாம் பார்ப்பார்கள். மின்காந்தத்தைப் பார்க்கும் ஏற்பாடு அங்கே இல்லை. பட்டறையில் முடிந்த ஒரு சோதனை உண்டு. வண்டியில் புதிதாக மாட்டிய எல்இடி ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, ரேடியோவில் காரைக்காலின் 100.3ஐயோ வேறு நலிந்த நிலையத்தையோ வையுங்கள். பிறகு லைட்டைப் போடுங்கள். நிலையம் இரைச்சலில் மூழ்கினால் அந்த பல்பின் டிரைவர் வடிகட்டி இல்லாத மலிவுச் சரக்கு. அது வெட்டி வெட்டி அனுப்பும் மின்சாரம் ஒயரெல்லாம் ஓடுகிறது. பல்புக்கு மிக நெருக்கமாக ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பார்க்கலாம், ஓரளவு அடங்கும். அதிலும் அடங்காவிட்டால் கழற்றிவிட்டுக் கம்பெனி கொடுத்த ஹாலஜனையே போடுவது உத்தமம்.